ஆழ்ந்த உறக்கத்தில் 'நான்' எங்கே?

அவையோருக்கு வணக்கம்.

மெய்யான 'நான்' எது என்ற வினாவை உபநிடதங்கள் பல இடங்களில் எழுப்பினாலும், அதை விடாமல் இறுதிவரை துரத்திச் செல்வது சாந்தோக்கிய உபநிடதத்தின் எட்டாம் அத்தியாயம் என்பது என் கருத்து. மூப்பும் சாவும் துயரும் தீண்டாத ஆன்மாவை அறிய விரும்பி, தேவர் தலைவன் இந்திரனும் அசுரர் தலைவன் விரோசனனும் படைப்புக் கடவுளான பிரஜாபதியிடம் 32 ஆண்டுகள் பிரமசரியம் காக்கிறார்கள். நீர்க்கலத்தில் தெரியும் உருவத்தைப் பார்க்கச் சொல்கிறார் ஆசிரியர். உடலே ஆன்மா என்று கொண்டு விரோசனன் நிறைவோடு திரும்பிவிடுகிறான். உடல் அழிந்தால் இந்த ஆன்மாவும் அழியுமே என்று ஐயுற்று, பாதி வழியிலிருந்து மீண்டு வருகிறான் இந்திரன். இன்னும் 32 ஆண்டுகள் கழித்து, கனவில் உலவுபவனே ஆன்மா என்ற விடை கிடைக்கிறது. கனவிலும் அழுகை உண்டே என்று அதையும் தள்ளுகிறான்.

மறுபடியும் 32 ஆண்டுகள். கனவும் அற்ற உறக்கத்தில் அமைதியுற்றிருப்பவனே ஆன்மா என்கிறார் பிரஜாபதி. நாமாயிருந்தால் இதோடு மனநிறைவு கொண்டு வீடு திரும்பியிருப்போம். இந்திரனோ, அந்நிலையில் ஒருவன் தன்னையும் அறிவதில்லை, பிறவற்றையும் அறிவதில்லை, அழிந்தே போனவன் போலாகிறான், இதில் நன்மை ஒன்றும் காணேன் என்று மறுக்கிறான். துன்பமின்மையை மெய்ந்நிலை என்று ஏற்க மறுத்த இந்தத் துணிவே அக்கதையின் உயிர். மேலும் 5 ஆண்டுகள் சென்று, ஆக 101 ஆண்டுகளுக்குப் பின்னரே, புலன்கள் கருவிகள், அவற்றின் வழி அறிபவனே ஆன்மா என்ற இறுதி விளக்கம் அவனுக்குக் கிட்டுகிறது.

பிற்காலத் தத்துவ நெறிகளான தரிசனங்களும் இந்த உறக்கத்தை உரைகல்லாகவே கொண்டன. உறக்கத்தில் இல்லாமற்போவது அறியப்படும் பொருளே அன்றி அறிவு அன்று என்பது, ஆன்மாவும் பிரம்மமும் ஒன்றே எனக் கொள்ளும் அத்வைதிகளின் விடை. 'சுகமாகத் தூங்கினேன், ஒன்றும் தெரியவில்லை' என்று விழித்தவன் சொல்வதற்கு, அந்த அறியாமையையும் கண்டிருந்த ஒரு சாட்சி வேண்டும் என்று அவர்கள் வாதிடுகிறார்கள். அந்தச் சாட்சியை 'நான்' என்பதிலிருந்து பிரிப்பதை இராமானுசர் ஏற்பதில்லை. 'நான்' என்னும் உணர்வே ஆன்மாவின் இயல்பு, உறக்கத்தில் அது தெளிவு குன்றினாலும் மறைவதில்லை. வீடுபேற்றில் 'நான்' இராது என்றால் அதற்காக யார்தான் முயல்வார் என்பது அவர் கேள்வி.

சைவ சித்தாந்த ஆசிரியரான மெய்கண்டாரின் வழி இவ்விரண்டிலும் வேறானது. 'கண்படில் உண்டிவினை இன்மையின்' என்கிறது அவரது சிவஞானபோதத்தின் மூன்றாம் நூற்பா: உறங்கும்போது மூச்சு இயங்கியும் நுகர்வும் செயலும் இல்லை, ஆகவே ஆன்மா பிராணன் அன்று. தொடர்ந்து 'உணர்த்த உணர்தலின்' என்று கூறி, அறிவிக்க அறியும் ஆன்மா, தானே அறியும் இறைவனும் அன்று என்று நிறுவுகிறது. அங்ஙனமாயின் இந்திரன் கண்ட அந்த இருளில் வியப்பில்லை. ஆணவம் என்னும், அறிவை மறைக்கும் மலத்தால் மறைப்புண்ட ஆன்மா, அறிவிக்கும் துணை இல்லாதபோது அறியாதிருப்பது அதன் இயல்பே.