யானை, நாய், வாழைப்பழம்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, கொசுக்கடியிலும் கலையாமல் உட்கார்ந்திருக்கிற பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம். அரசியலில் ஒருவரின் நிறத்தை இழிவுபடுத்தும் படமோ பேச்சோ வந்தால் தலைவர்கள் வாய் திறந்து கண்டிக்க வேண்டும் என்பது எங்கள் அணி. கண்டுகொள்ளாமல் விடுவதே மேல் என்பது அவர்கள் அணி.

பேராசிரியர் ஐயா கேட்டார்: “யானை போகும்போது நாய் குரைக்கும். யானை திரும்பிப் பார்க்குமா?” நல்ல கைதட்டல். நானும் தட்டினேன். அப்புறம்தான் உறைத்தது, நான் எதிரணி என்று.

ஐயா, யானையைக் கொஞ்சம் ஓரமாகக் கட்டி வையுங்கள். இத்தாலிக்குப் போய்விட்டு வருவோம்.

2013ஆம் ஆண்டு. செசில் கியெங்கே, இத்தாலியின் முதல் கறுப்பின அமைச்சர். காங்கோவில் பிறந்த கண் மருத்துவர். ஜூலை 13 அன்று, செனட் சபைத் துணைத் தலைவர் ரொபெர்தோ கால்தெரோலி மேடையேறுகிறார். தனக்கு விலங்குகள் என்றால் பிரியம் என்கிறார். நல்ல மனுஷன் என்றுதானே நினைப்பீர்கள்? அடுத்த வாக்கியம், அந்த அமைச்சரைப் பார்த்தால் ஒராங்குட்டான் ஞாபகம் வருகிறதாம்! முதலில் அந்தக் கண் மருத்துவரிடமே இவர் போயிருக்க வேண்டும்.

பதின்மூன்றே நாள். செர்வியா என்ற கடற்கரை ஊரில் கியெங்கே மேடையில் பேசிக்கொண்டிருக்கிறார். கூட்டத்திலிருந்து பறந்து வருகிறது வாழைப்பழம். நம்மூர் மேடைக்கு முட்டை வரும், தக்காளி வரும், எனக்கே வந்திருக்கிறது. அது பேச்சு பிடிக்காததற்கு. வாழைப்பழம் எதற்கு? ‘நீ குரங்கு’ என்பதற்கு. வந்த பழமாவது மேடையைத் தொட்டதா? முன்வரிசையிலேயே விழுந்துவிட்டது. எறிந்தவனுக்குப் புத்தியும் கிடையாது, குறியும் கிடையாது!

அந்த அம்மா என்ன சொன்னார் தெரியுமா? ஜனங்கள் பசியில் வாடும்போது சாப்பாட்டை இப்படி வீணாக்குவது வருத்தமாக இருக்கிறது என்றார். பின்னால் இருப்பவர்களுக்காக மறுபடி சொல்கிறேன். பழம் வருகிறது. கத்தல் இல்லை, சாபம் இல்லை. ‘அடடா, பழம் வீணாகிவிட்டதே!’

பேராசிரியர் சிரிக்கிறார், “பார்த்தாயா, யானை திரும்பவில்லை” என்று. சரி ஐயா, இப்போது யானையை அவிழ்த்துவிடுங்கள். யானைமேல் போகிறவரை எந்த நாயும் கடிக்காது. அமைச்சருக்குக் கார் இருக்கிறது, காவல் இருக்கிறது. அதே நிறத்தில் ஒரு பிள்ளை பள்ளிக்கூடத்துக்கு நடந்து போகிறதே, நாய் அதன் காலைத்தான் கவ்வும். மேலே உட்கார்ந்திருப்பவர் ஓர் அதட்டல் போட்டால் என்ன குறைந்துபோகும்? பிரதமர் என்ரிகோ லெட்டா போட்டார். ஏற்கவே முடியாத, எல்லை மீறிய பேச்சு என்றார். “அதட்டி என்ன ஆயிற்று? கால்தெரோலி பதவியில்தானே இருந்தார்?” என்பீர்கள். இருந்தார். 2022இல் அமைச்சரும் ஆனார். இந்த ஒரு மார்க்கை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள்.

அதே 2013, அக்டோபர். பிரான்சின் நீதி அமைச்சர் கிறிஸ்தியான் தொபிரா, பிரெஞ்சு கயானாவில் பிறந்த கறுப்பினப் பெண். அவர் படத்தையும் ஒரு குரங்குக்குட்டியின் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு கட்சி வேட்பாளர் ஃபேஸ்புக்கில் போட்டிருந்தார். சில நாளில் அமைச்சர் ஆன்ஜே நகருக்குப் போனபோது, ஒரு சிறுமி வாழைப்பழத் தோலை ஆட்டிக் காட்டினாள். ஓங்கிய, அழகான குரல் ஒன்றுகூட எழவில்லையே என்பதுதான் தனக்குப் பெரிய வியப்பு என்றார் தொபிரா.

ஒரு சிறுமி, நடுவர் அவர்களே. அதை நினைத்தால் எனக்கு இத்தாலியும் மறந்துபோகிறது, யானையும் மறந்துபோகிறது.

நான் ஏழாம் வகுப்பு. ஆண்டுவிழா நாடகத்தில் வானர சேனைக்கு ஆள் எடுத்தார்கள். வாத்தியார் என்னைக் காட்டி, “இவனுக்கு மேக்கப் செலவு மிச்சம்” என்றார். பிள்ளைகள் சிரித்தார்கள். சிரிக்கட்டும், பிள்ளைகள். பக்கத்தில் தலைமையாசிரியர் நின்றிருந்தார். நான் அவர் முகத்தையே பார்த்தேன். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

மணி அடித்துவிட்டீர்கள், முடித்துவிடுகிறேன். வீட்டில் நான் எதையும் சொல்லவில்லை. மறுநாள் காலையில், பவுடர் இன்னும் கொஞ்சம் போடு என்று அம்மாவிடம் முகத்தை நீட்டினேன். ஏன் என்று அம்மா கேட்கவில்லை. அவளும் என் நிறம்தான்.

நன்றி, வணக்கம்.