முதல் ஆர்டரை யார் கொடுத்தது?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அரங்கத்தில் இருக்கும் அனைவருக்கும் வணக்கம். "தொழில்முனைவோருக்கு அரசின் செலவு துணையா, சுமையா?" என்பது தலைப்பு. துணைதான் என்று பேச வந்திருக்கிறேன். நான் பேராசிரியர் இல்லை, கட்சிக்காரியும் இல்லை. குழாய் இணைப்புகளில் கசிவைத் தடுக்கும் ரப்பர் சீல் செய்கிற ஒரு சிறிய தொழிற்சாலையை நடத்துகிறேன். மாதா மாதம் சம்பளம் போடுகிறவள், தவறாமல் வரி கட்டுகிறவள், அதனால் வரிப்பணத்தின் அருமை எனக்கும் தெரியும்.

எனக்கு முன்னால் பேசிய ஐயா, "தொழில் செய்கிறவனுக்கு அரசாங்கம் செய்யக்கூடிய ஒரே உதவி, வழியை விட்டு ஒதுங்கி நிற்பதுதான்" என்றார். பலத்த கைதட்டல். அந்தப் பேச்சில் இருக்கும் கோபம் எனக்குப் புரிகிறது, அதில் பாதி என் கோபமும்தான், அதற்கும் வருகிறேன். முதலில் அவரிடம் ஒன்று கேட்க வேண்டும். ஐயா, புதிதாகத் தொடங்கியவனுக்கு முதல் ஆர்டரைக் கொடுப்பது யார்?

நான் தொடங்கியபோது என்னிடம் இருந்தது ரப்பரை அச்சில் அழுத்தி வேகவைக்கும் ஒரு ஹைட்ராலிக் பிரஸ், நான்கு அச்சு, இரண்டு ஆட்கள். எந்தக் கம்பெனிக்குப் போனாலும் ஒரே கேள்வி: "இதற்கு முன்னால் யாருக்குச் சப்ளை செய்திருக்கிறீர்கள்?" யாருக்கும் இல்லை என்றால், சரி, அப்புறம் பார்க்கலாம் என்பார்கள். வங்கியில் ஆர்டர் இருந்தால்தான் கடன். ஆர்டர் கிடைக்க அனுபவம் வேண்டும், அனுபவம் கிடைக்க ஆர்டர் வேண்டும், இந்தச் சுழலிலேயே மூச்சு நின்றுபோன தொழில்கள் எத்தனையோ. கடைசியில் எனக்குக் கதவு திறந்தது ஒரு குடிநீர் வாரியத்தின் டெண்டரில். புதிய சிறு நிறுவனங்களுக்கென்று கொஞ்சம் ஒதுக்கி வைத்திருந்தார்கள். அனுபவச் சான்று கேட்கவில்லை, அரசுப் பரிசோதனைக் கூடத்தின் ரிப்போர்ட் மட்டும் கேட்டார்கள்.

அந்தப் பரிசோதனைக் கூடம் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. என் ரப்பரைச் சின்ன வில்லையாக வெட்டி, இரண்டு இரும்புத் தகடுகளுக்கு நடுவில் வைத்து நசுக்கி, 70 டிகிரி சூட்டில் 24 மணி நேரம் அடுப்பில் வைத்தார்கள். மறுநாள் தகட்டைக் கழற்றி, அரை மணி நேரம் ஆறவிட்டு, தடிமனை அளந்தார்கள். நல்ல ரப்பர் என்றால் நசுங்கிய பிறகும் மேலே எழும்பி வரும். என்னுடையது பாதிகூட எழும்பவில்லை. அங்கே வேலை பார்த்த அம்மா அந்த வில்லையை என் உள்ளங்கையில் வைத்து, "அழுத்திப் பாருங்கள், உள்ளே வேகவே இல்லை. பிரஸ்ஸில் இன்னும் கொஞ்ச நேரம் விடுங்கள்" என்றார். திரும்பி வந்து நேரத்தை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்து, மூன்றாவது தடவை பாஸ் ஆனது. அந்த அளவிடும் கருவிகளை நான் சொந்தமாக வாங்க வேண்டும் என்றால் என் பிரஸ்ஸை விற்றாலும் காணாது, அந்த அம்மாவின் அனுபவத்தை எதை விற்றும் வாங்க முடியாது. கருவிக்கும் அவர் சம்பளத்துக்கும் பணம் எங்கிருந்து வந்தது? எதிரணி "வீண் செலவு" என்று ஒரே மூட்டையாகக் கட்டிப்போட்டதே, அந்தக் கணக்கிலிருந்துதான். இன்று எங்கள் விற்பனையில் முக்கால் பங்கு தனியார் கம்பெனிகளுக்குப் போகிறது. அவர்கள் எல்லோரிடமும் முதலில் நான் காட்டியது அந்த வாரியத்தின் ஆர்டர் தாளைத்தான்.

ஒருத்தியின் கதையை வைத்து ஊருக்குத் தீர்ப்புச் சொல்லலாமா என்று கேட்பீர்கள். நியாயம். உங்கள் பையில் இருக்கிற போனையே எடுத்துக்கொள்வோம். அதற்குள் இருக்கும் சிப் 1960களின் தொடக்கத்தில் யானை விலை குதிரை விலை விற்றது, சாதாரணக் கம்பெனிகள் பக்கத்திலேயே போகவில்லை. அன்றைக்கு அதை அள்ளி வாங்கியது அமெரிக்க அரசு, மினிட்மேன் ஏவுகணைக்கும், நிலவுக்குப் போன அப்பல்லோவின் கணினிக்கும். அந்த ஆர்டரை நம்பித்தான் உற்பத்தி செய்தவர்கள் செய்து செய்து பழகினார்கள், பழகப் பழகப் பழுது குறைந்தது, விலை விழுந்தது, அதன் பிறகுதான் கால்குலேட்டர் செய்கிறவனும் கடைக்காரனும் வாங்குகிற பொருளாக அது மாறியது. அதே போனில் வழி காட்டுகிற ஜிபிஎஸ்ஸின் முதல் செயற்கைக்கோளை 1978இல் அனுப்பியதும் அரசுப் பணம்தான். இன்றைக்கு வாடகைக் கார், வீட்டுக்கு வந்து பொருள் கொடுப்பது என்று எத்தனை பேர் அதன் மேல் கடை விரித்திருக்கிறார்கள்!

துணிச்சலுக்கு உதாரணமாக எதிரணி எலான் மஸ்க்கைச் சொன்னது. துணிச்சல்காரர்தான், மறுக்கவில்லை. ஆனால் கதையை முழுதாகச் சொல்ல வேண்டும். அவருடைய ராக்கெட் கம்பெனியான ஸ்பேஸ்எக்ஸின் முதல் மூன்று ராக்கெட்டுகள் சுற்றுப்பாதையை எட்டவில்லை. 2008 செப்டம்பரில் நான்காவது எட்டியபோது கையிருப்பு ஏறக்குறையக் கரைந்திருந்தது. அந்த டிசம்பரில் நாசா கொடுத்தது 12 சரக்குப் பயணங்களுக்கு 160 கோடி டாலர் ஒப்பந்தம். அந்த ஒப்பந்தம் வராமல் இருந்திருந்தால் அந்தப் பெயரை இன்று இந்த மேடையில் யாராவது உச்சரித்திருப்பார்களா?

சோலிண்ட்ரா என்ற சூரிய மின்தகடு கம்பெனிக்கு அமெரிக்க அரசின் எரிசக்தித் துறை 2009இல் 53.5 கோடி டாலர் கடனுக்கு உத்தரவாதம் கொடுத்து, 2011இல் அது திவாலானதையும் சொன்னீர்கள். உண்மைதான், பணம் போனது. அதே எரிசக்தித் துறை 2010இல் மின்சாரக் கார் செய்யும் டெஸ்லாவுக்கு 46.5 கோடி டாலர் கடன் கொடுத்தது, 2013இல் கெடுவுக்கு முன்பே வட்டியோடு திரும்பி வந்தது, அதை ஏன் விட்டுவிட்டீர்கள்? முதலீடு செய்கிறவன் பத்தில் போட்டால் பத்தும் தேறாது என்று தொழில் செய்கிற நம் எல்லோருக்கும் தெரியும். தனியார் போட்டுத் தோற்றால் அனுபவம், அரசு போட்டுத் தோற்றால் ஊதாரித்தனம் என்று இரண்டு தராசு வைத்திருப்பது சரியில்லை. இதில் எனக்கு ஒரு குறை உண்டு. நஷ்டத்தைத் தலையில் வாங்கும் அரசு, ஜெயித்த கம்பெனியின் லாபத்திலும் ஒரு பங்கைக் கேட்டு வாங்க வேண்டும், அதைப் பல நேரம் கேட்பதில்லை.

"வீட்டுக்கு ஒரு நியாயம், அரசுக்கு ஒரு நியாயமா, வரவுக்குள் செலவு செய்" என்றார் இன்னொரு நண்பர். நான் பிரஸ் வாங்கியது கடனில்தான், அது சம்பாதித்துக் கடனை அடைத்தது. கடன் வாங்கியதைப் பார்க்காதீர்கள், எதற்கு வாங்கியது என்று பாருங்கள். அதோடு, எல்லோரும் ஒரே நேரத்தில் கையை மூடினால் என் ரப்பர் சீல்களை யார் வாங்குவது? மந்தத்திலிருந்து மெல்ல எழுந்துகொண்டிருந்த அமெரிக்கா 1937இல் செலவைச் சுருக்கி வரியைக் கூட்டியது, பொருளாதாரம் மறுபடி சரிந்து வேலையில்லாதவர்கள் பெருகினார்கள். மறு வருடமே செலவைத் திறந்துவிட வேண்டியதாயிற்று.

எதிரணி மேற்கோள் காட்டிய பொருளாதார அறிஞர் ஆடம் ஸ்மித்தே 1776இல் எழுதும்போது, தனி ஒருவருக்கு லாபம் தராத, ஆனால் எல்லோருக்கும் பயன்படும் சாலை, பாலம் போன்றவற்றைச் செய்வது அரசின் கடமை என்றுதான் எழுதினார்.

சரி, இப்போது அந்தப் பாதிக் கோபத்துக்கு வருகிறேன். இன்னொரு அரசு அலுவலகத்துக்குச் சப்ளை செய்த பொருளுக்கு எனக்குப் பணம் வர ஏழு மாதம் ஆனது. ஒவ்வொரு முறை போனாலும் ஃபைல் வேறு ஒரு மேசையில் இருக்கும். தேர்தல் அறிவித்துவிட்டார்கள், கையெழுத்துப் போட ஆள் இல்லை என்றார்கள். என் ஆட்களுக்குச் சம்பளம் போட நான் வெளியில் வட்டிக்கு வாங்கினேன், அந்த ஆர்டரில் வந்த லாபம் அந்த வட்டிக்கே போனது. அழுகை வரும் அளவுக்கு அவமானமாக இருந்தது. அரசியல் செலவுக்குள் நுழைகிற இடம் இதுதான். புதுக் கட்டடம் என்றால் ரிப்பன் வெட்டலாம், படம் எடுக்கலாம், அதற்கு உடனே பணம் பிறக்கும். பழைய குழாயில் தேய்ந்த ரப்பர் சீலை மாற்றினால் யாரும் மாலை போட மாட்டார்கள், அதனால் குழாய் உடைந்து தண்ணீர் தெருவெல்லாம் ஓடும்வரை பணம் ஒதுக்க மாட்டார்கள். இதைக் கேட்பதற்குத் தொழில் செய்கிறவர்கள் அரசியல் பேச வேண்டும், வரவு செலவுத் திட்டத்தை வரி வரியாகப் படிக்க வேண்டும். 'நமக்கு எதற்கு அரசியல்' என்று நாம் விலகினால் அந்த இடத்தில் கமிஷன் கேட்பவன்தான் வந்து உட்காருகிறான்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2011இல் கொண்டுவந்த விதிப்படி அரசு அலுவலகங்கள் பொதுவாக 30 நாளுக்குள் பில்லுக்குப் பணம் கொடுக்க வேண்டும், தாமதித்தால் வட்டியும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். எல்லா இடத்திலும் இது வேண்டும் என்று நாம் சேர்ந்து கேட்கலாமே. எதிரணி நண்பரே, உங்கள் பில்லும் பல மாதமாக ஓர் அலுவலகத்தில் கிடக்கிறது என்று சொன்னீர்கள். மனுவை எழுதி எடுத்துக்கொண்டு வாருங்கள், நானும் கையெழுத்துப் போட்டு அந்த அலுவலகத்துக்கு உங்களோடு வருகிறேன். நடுவர் அவர்களே, நன்றி.