கடன் கொடுக்க முடியாத புத்தகம்

நேயர்களுக்கு வணக்கம். பதிப்புரிமைச் சட்டம் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். சட்டம் என்றதும் வானொலியை அணைத்துவிடாதீர்கள். நான் வக்கீல் இல்லை, நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன்.

பலர் இதைக் காப்புரிமை என்பார்கள். எனக்குப் பதிப்புரிமை என்ற சொல்தான் பிடிக்கும், ஏனென்றால் கோளாறு எங்கே இருக்கிறது என்பதை அதுவே சொல்லிவிடுகிறது. 1710-இல் இங்கிலாந்தில் ஆன் ராணி காலத்தில் வந்த சட்டம், அச்சுக்கூடங்களை மனதில் வைத்து எழுதியது. புதுப் புத்தகத்தை அச்சிட 14 ஆண்டு தனி உரிமை, ஆசிரியர் உயிரோடு இருந்தால் இன்னொரு 14. இன்று இந்தியாவில் ஆசிரியர் காலமான பிறகு 60 ஆண்டு, ஐரோப்பாவில் 70. ஆண்டுக்கணக்கு இப்படி வளர்ந்தது, அடிப்படை மாறவில்லை. சட்டம் எண்ணுவது பிரதியை.

ஒருமுறை ஒருவர் தன் அப்பா சேர்த்த புத்தகங்களை அட்டைப்பெட்டியில் கட்டி எடுத்து வந்தார். அதில் ஒன்றின் முதல் பக்கத்தில் மூன்று பெயர்கள். ஒன்று நீல மையில், ஒன்று பச்சை மையில், மூன்றாவது பென்சிலில். பச்சை மைக்காரர் ஓரங்களில் சண்டை வேறு போட்டிருந்தார், 'இது தவறு' என்று அடிக்கோடிட்டு! மூவரில் காசு கொடுத்து வாங்கியவர் ஒருவராகத்தான் இருக்கும். மற்ற இருவரும் திருடர்களா? இல்லை. புத்தகம் கை மாறியது, பிரதி கூடவில்லை.

அப்புறம் அவர் தன் கைபேசியைக் காட்டினார். நூறுக்கு மேல் மின்நூல்கள். "சார், இதையெல்லாம் என் பொண்ணுக்கு எப்படிக் கொடுக்கிறது?" என்றார். நான் விழித்தேன். பொத்தானில் 'வாங்கு' என்றுதான் போட்டிருக்கும். யாரும் படிக்காத ஒப்பந்தத்திலோ, படித்துக்கொள்ள அனுமதி, அவ்வளவுதான் என்று இருக்கும். 2009-இல் அமேசான், காசு கொடுத்து வாங்கியவர்களின் கிண்டில் என்ற மின்நூல் படிக்கும் கருவிகளிலிருந்தே சில நூல்களை அழித்தது. அமேசான் தளத்தில் அவற்றை விற்பனைக்குப் போட்டவருக்கு விற்கும் உரிமை இல்லை என்பது காரணம். பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள், பிறகு மன்னிப்பும் கேட்டார்கள். ஆனால் அலமாரியில் இருக்கும் காகிதப் புத்தகத்தை எடுக்க யாராவது ராத்திரியில் வீட்டுக்குள் வருவார்களா?

கோப்பு கை மாறுவதென்றால் புதுப் பிரதி பிறக்க வேண்டும். சிக்கல் முழுக்க அங்கேதான். பழைய மின்நூலை விற்க உரிமையாளரின் அனுமதி வேண்டும் என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2019-இல் சொன்னது. கோப்பு பழசாகாது, மஞ்சளாகாது, ஒன்று விற்றால் புதியது விற்காது என்ற பதிப்பாளர்களின் பயம் நியாயமானதுதான். நானும் எழுத்தாளர் வயிற்றில் அடிக்கச் சொல்லவில்லை. ஆனால் கொடுத்தவர் கருவியில் அழிந்து, வாங்கியவர் கருவியில் மட்டும் இருந்தால், அதைக் கை மாறியதாகச் சட்டம் ஏற்கட்டுமே. திரும்பவும் சொல்கிறேன்: பிரதியை எண்ணுவதை விட்டுவிட்டு, ஒரே நேரத்தில் எத்தனை பேர் கையில் இருக்கிறது என்று எண்ணட்டும்.

சரி, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். பார்வையற்றோர் படிக்கும் வடிவில் நூல்களை மாற்ற வழிவிட்ட 2013 மராகேஷ் உடன்படிக்கையைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்தேன். அதை முதலில் உறுதிசெய்த நாடு இந்தியா. உரிமையாளர் யாரென்றே தெரியாமல் பொடியாகிக்கொண்டிருக்கும் நூல்கள், செயற்கை நுண்ணறிவுக்குத் தீனியாகும் எழுத்துகள், இவையும் குறிப்பில் அப்படியே இருக்கின்றன. இன்னொரு நாள் கூப்பிட்டால் வருகிறேன். வணக்கம்.