ஆளைத் தூக்க வேண்டாம், மேடையை உயர்த்துங்க

வணக்கம் உறவுகளே, திருகோணமலையில இருந்து. இண்டைக்கு குதிரை ஒண்டும் வீடியோவில வராது, வெயில் ஏற முதல் எல்லாத்தையும் நிழலில கட்டியாச்சு. என்ட கையில அளவு நாடாவும் கொப்பியும்தான். சனலைத் தொடர்ந்து பாக்கிற ஆக்களுக்கு விளங்கியிருக்கும், இண்டைக்கு கணக்கு வீடியோ.

போன கிழமை ஒரு வீடியோ எல்லாற்ற போனுக்கும் வந்திருக்கும். கடற்கரை மணல்ல ஒரு குதிரை. பக்கத்தில சக்கர நாற்காலியில ஒரு அண்ணா. நாலு பெடியள் அவரைக் கையில ரெண்டு பேர், காலில ரெண்டு பேர் எண்டு பிடிச்சு, 'ஒண்டு, ரெண்டு, மூண்டு' எண்டு தூக்கி மேல போடுறாங்க. சுத்தி நிக்கிற சனம் கை தட்டுது. அந்தப் பெடியள்ட மனசு நல்ல மனசுதான், அதை நான் குறை சொல்லேல்ல. ஆனா அந்தத் தூக்கலைப் பாத்து எனக்கு வயிறு எரிஞ்சுது.

ஏன் எண்டு சொல்லுறன். கமக்கட்டுக்குள்ள கை குடுத்துத் தூக்கினா தோள்மூட்டு விலகலாம். பாரிசவாதம் வந்த ஆக்களுக்கு அந்தத் தோள் ஏற்கனவே தளர்ந்துதான் இருக்கும். முள்ளந்தண்டு அடிபட்டு இடுப்புக்குக் கீழ உணர்வு இல்லாத ஆள் எண்டா, சேணத்தின்ட விளிம்பில தோல் உரஞ்சினாலும் அவருக்குத் தெரியாது. ராவைக்குப் பாத்தாத்தான் புண். சடாரெண்டு அசைச்சா கால் ரெண்டும் விறைச்சு இறுகும், இறுகின காலை விரிச்சு குதிரைக்கு மேல போடேலாது. இதுக்குள்ள பாரம் முழுக்க ஒரு பக்கமா விழுறதால சேணம் உருளும், குதிரை பயந்து ஒரு அடி விலகும். விலகினா அந்த அண்ணா விழுறது அந்த இடைவெளிக்குள்ளதான், குதிரையின்ட காலடியில.

ஆளைத் தூக்கத் தேவையே இல்ல. நிலத்தைத் தூக்கினாப் போதும். இண்டைக்கு முழுக்க அதைத்தான் கதைக்கப் போறன்.

முதல்ல ரெண்டு அளவு எடுங்க. ஒண்டு, குதிரையின்ட முதுகு உயரம். கழுத்து முடியிற மேட்டில அளந்து 'கை' கணக்கில சொல்லுவாங்க, ஒரு கை எண்டா 4 அங்குலம். 13 கைக் குதிரை எண்டா 52 அங்குலம். சேணம் வைக்கிற பள்ளம் அதைவிடக் கொஞ்சம் பதிவு, மேல மெத்தை போட்டா ஏறக்குறைய 50 எண்டு வையுங்க. ரெண்டாவது, சக்கர நாற்காலியின்ட இருக்கை உயரம். சாதாரணமா 19, 20 அங்குலம். 50ல இருந்து 20ஐக் கழிச்சா 30. மேடை 30 அங்குலம் இருந்தா நாற்காலி இருக்கையும் குதிரை முதுகும் ஒரே மட்டத்துக்கு வரும். ஆள் பக்கவாட்டில நகர்ந்தாச் சரி. நாற்காலியில இருந்து கட்டிலுக்கு மாறத் தெரிஞ்ச ஆளுக்கு இதுவும் தெரிஞ்ச வேலைதான்.

சரி, 30 அங்குலத்துக்கு எப்பிடி ஏறுறது? சாய்தளம். இங்கதான் எனக்கு ரெண்டாவது கோபம். ஒரு இடத்தில, பேர் சொல்ல மாட்டன், 'நாங்க சாய்தளம் கட்டிட்டம்' எண்டு படம் அனுப்பியிருக்காங்க. மேடை 30 அங்குலம். சாய்தளம் எட்டு அடி நீளம். எட்டு அடி! அதில சக்கர நாற்காலியை ஏத்தினா முன்சில்லு கிளம்பி ஆள் பின்னால மல்லாக்க விழுவார். இறங்கேக்க தள்ளுற ஆளையும் இழுத்துக்கொண்டு ஓடும்.

கணக்கு மிச்சம் லேசு. ஒரு அங்குல உயரத்துக்கு ஒரு அடி நீளம். அவ்வளவுதான். 12க்கு 1 எண்டு பல நாடுகளில வைக்கிற சரிவு இதுதான். 30 அங்குலத்துக்கு 30 அடி. 'அவ்வளவு இடம் இல்லையே' எண்டு சொல்லாதீங்க, குதிரை கட்டி வளர்க்கிற வளவில 30 அடி இல்லாமப் போகாது. தேவையெண்டா நடுவில ஒரு தட்டு வைச்சு எல் மாதிரி மடக்கலாம். அகலம் உள்ளுக்கு குறைஞ்சது 3 அடி, நான் 4 அடி எண்டுதான் சொல்லுவன், தள்ளுற ஆளின்ட கை உரஞ்சாது. மேல மேடை 5 அடிக்கு 5 அடி, நாற்காலி திரும்ப வேணும்.

இனி எல்லாரும் கேக்கிற கேள்வி, காசு. பலகை, இரும்பு எண்டு விலை கேட்டிட்டு பாதிப்பேர் அதோட விட்டிடுறாங்க. எங்கட கடல் காத்துக்கு இரும்பு துருப்பிடிக்கும், சாதாரணப் பலகை ரெண்டு மாரியில உளுத்துப் போகும். பலகையில இன்னொரு கரைச்சல் இருக்கு. நாற்காலி உருளேக்க கீழ வெற்றிடம் எண்டதால கடகடவெண்டு சத்தம் வரும், பக்கத்தில நிக்கிற குதிரைக்கு அது இடி முழக்கம் மாதிரி. எனக்குப் பலகைச் சாய்தளம் துண்டாப் பிடிக்காது.

கிரவல் போடுங்க உறவுகளே, கிரவல்! ரெண்டு பக்கமும் சீமெந்துக் கல்லில குட்டை மதில், உள்ளுக்கு கிரவல். கணக்கைப் பாருங்க: 30 அடி நீளம், 4 அடி அகலம், சராசரி உயரம் 15 அங்குலம், அதாவது ஒண்டேகால் அடி. 150 கன அடி. மேடை 5 க்கு 5 க்கு இரண்டரை, 62 அரை. மொத்தம் 212 கன அடி. ஒரு கியூப் 100 கன அடி. ரெண்டு கியூப்புக்கு கொஞ்சம் கூட! இறுக்கினா அமரும், அதால மூண்டு கியூப் எடுங்க. மூண்டு கியூப் கிரவல் என்ன விலை எண்டு உங்கட டிப்பர்காரரிட்டக் கேளுங்க, பிறகு வெளிநாட்டுச் சேணம் ஒண்டின்ட விலையைக் கேளுங்க. சேணத்துக்குக் காசு இருக்கு, கிரவலுக்கு இல்லையாம். இதைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளிச்சுப் போச்சு.

போடுறது ஒரேயடியா இல்ல. ஆறு அங்குலம் போட்டு, தண்ணி தெளிச்சு, இடிச்சு இறுக்கி, பிறகு அடுத்த ஆறு அங்குலம். ஒரேயடியாக் கொட்டினா மாரி மழைக்கு நடுவில பள்ளம் விழும், சில்லு புதையும். மதிலுக்கு அடியில ஓட்டை விடுங்க, இல்லாட்டி கார்த்திகை மார்கழி மழைத் தண்ணி உள்ளுக்கு நிண்டு மதிலைத் தள்ளிப்போடும். மேல மெல்லிய கொங்கிறீற்று, காய முதல் தும்புக்கட்டையால குறுக்க இழுத்துவிட்டா வழுக்காது.

ஓ, ஒண்டு சொல்லாம வந்திட்டன், விளிம்பு. சாய்தளத்தின்ட ரெண்டு கரையிலயும் 4 அங்குலம் உயரமாக் கட்டு வைக்க வேணும், சில்லு வெளியால போகாம. கைபிடிக் கம்பி 34ல இருந்து 38 அங்குலம். ஆனா மேடையில குதிரை நிக்கிற பக்கம் கம்பி வேண்டாம்! ஸ்டெரப், அதாவது சேணத்தில தொங்குற கால் வைக்கிற வளையம், போய்க் கொளுவும்.

குதிரை நிக்கிற இடம். ஒரு பக்கம் இந்த மேடை, மற்றப் பக்கம் அதே உயரத்தில ஒரு மரப்பெட்டி மேடை, 2 அடி அகலம் போதும், உதவியாள் ஒருத்தர் நிக்க. நடுவில குதிரை. மேடைக்கும் குதிரை வயிற்றுக்கும் இடைவெளி நாலு விரலுக்குக் கூட, ஒரு சாணுக்குக் குறைய. கூடினா ஆள் இடையில சறுக்குவார், குறைஞ்சா கால் நசியும். முன்பக்கம் திறந்திருக்க வேணும், கயிறு பிடிக்கிற ஆள் குதிரையின்ட தலைக்கு முன்னால நிக்க வேணும். மரப்பெட்டி நகர்த்தக் கூடியதா இருந்தா இன்னும் நல்லம், குதிரை குழம்பினா உடன இழுத்து வழி விடலாம்.

இனி ஏறுறது. நாற்காலி பிரேக் போட்டு குதிரைக்குச் சமாந்தரமா. ஆள் முதல்ல சேணத்தில பக்கவாட்டா, மேடையைப் பாத்தபடி இருப்பார், நாங்க திண்ணையில இருக்கிற மாதிரி. ஒரு மூச்சு விடட்டும். பிறகு வலது காலை குதிரையின்ட கழுத்துக்கு மேலால கொண்டு வரவேணும். மரப்பெட்டியில நிக்கிற ஆள் அந்தக் காலை முழங்காலுக்குக் கீழயும் குதிக்காலிலயும் தாங்கி, மெல்லமா வாங்குவார். இழுக்கிறதில்ல, வாங்குறது. கயிறு பிடிக்கிற ஆள் குதிரையின்ட தலையைப் பதிவா வைச்சிருப்பார். கால் இறுகினா நிப்பாட்டுங்க. இறுக்கம் விடும், குதிரையின்ட சூடும் உதவும். அவசரப்பட்டு விரிக்காதீங்க. இறுக்கம் கூடின ஆக்களுக்கு ஒடுங்கின வயிறு இருக்கிற குதிரைதான் சரி, பெரிய வயிற்றுக் குதிரையில இடுப்பு நோகும்.

சேணம் எண்டு கேட்டா, சமநிலை குறைஞ்ச ஆளுக்கு நான் தடிச்ச கம்பளி மெத்தையும் கைபிடி வைச்ச வயிற்றுப் பட்டியும்தான் சொல்லுவன். குதிரை நடக்கேக்க எங்கட இடுப்பு முன்னுக்குப் பின்னுக்கு, மேல கீழ, பக்கவாட்டு எண்டு மூண்டு விதமா அசையும். நாங்க நடக்கேக்க அசையிற மாதிரியே. அதைத்தான் பிசியோதெரபி ஆக்கள் பயன்படுத்துறாங்க. மெத்தையில அது நேரா உடம்புக்கு வரும். ஒரு கால் இல்லாத ஆள் எண்டா கதை வேற. பாரம் ஒரு பக்கம் கூட, சேணம் அந்தப் பக்கம் இழுபடும். ஏறினவுடன ஒருக்கா, அஞ்சு நிமிசம் நடந்தாப் பிறகு ஒருக்கா வயிற்றுப் பட்டியை இறுக்கிப் பாக்க வேணும்.

ஸ்டெரப் போடுறதெண்டா, ஒரு பக்கம் இரும்புக்குப் பதிலா ரப்பர் வளையம் மாட்டினதுதான் வேணும். விழுந்தா வளையம் கழண்டு கால் விடுபடும். ரப்பர் பக்கம் எப்பவும் வெளிப்பக்கம். எங்கட வெயிலுக்கும் உப்புக் காத்துக்கும் ரப்பர் கெதியா வெடிக்கும், அதுக்காக சைக்கிள் டியூப்பை வெட்டி மாட்டுற ஆக்கள் இருக்காங்க. செய்யாதீங்க! டியூப் இழுபடும், கழண்டு விடாது, அப்ப அது சாதாரண ஸ்டெரப்தான். ஒவ்வொரு தரமும் கையால வெளிப்பக்கம் இழுத்து, கழருதா எண்டு பாருங்க. குதிக்கால் கீழ போகாத ஆளுக்கு முன்பக்கம் மூடின ஸ்டெரப், பாதம் உள்ளுக்குள்ள போகாது. முக்கியமா, ஆளைச் சேணத்தோட கட்டாதீங்க. பெல்ற்றால, சீலையால, எதாலயும். குதிரை விழுந்தா ஆளும் அடியில.

கடிவாள வார் பிடிக்க விரல் பலம் இல்லாட்டி ஏணி மாதிரி குறுக்குப் பட்டி தைச்ச வார் தையுங்க. அதைக் கடிவாள இரும்பில கொளுவாம மூக்குப் பட்டியில கொளுவினா, சமநிலைக்கு இழுத்தாலும் குதிரையின்ட வாய் நோகாது.

ஆக்கள் மூண்டு பேர் வேணும். ஒருத்தர் கயிறு, ரெண்டு பேர் ரெண்டு பக்கம். பக்கத்தில நடக்கிறவர் முன்னங்கையை குதிரையில இருக்கிறவரின்ட தொடைக்கு மேல வைச்சு சேணத்தின்ட முன்விளிம்பைப் பிடிப்பார். பாரத்தை அழுத்தக் கூடாது. கை உளைஞ்சா மாறுங்க, ஆனா ரெண்டு பேரும் ஒரே நேரத்தில கை எடுக்கக் கூடாது.

கடற்கரையில ஓட வேணும் எண்டு எல்லாருக்கும் ஆசை. காய்ஞ்ச மணல்ல பக்கத்தில நடக்கிற ஆள் புதைஞ்சு தடக்குப்படுவார். ஈர மணல் இறுக்கம், ஆனா கடலைப் பாத்துச் சரிஞ்சிருக்கும், மேல இருக்கிற ஆளும் சரிவார். முதல்ல சமதரை, பிறகு கடற்கரை. ஹெல்மெற்றும் மோட்டார் சைக்கிள் ஹெல்மெற் இல்ல, கழுத்துப் பலம் குறைஞ்ச ஆளுக்கு அது பாரம். குதிரை ஓட்டத்துக்கெண்டே செய்தது வேணும்.

வெயில். பரனைற் வெப்பநிலையையும் ஈரப்பத வீதத்தையும் கூட்டுங்க. 150 தாண்டினா குதிரைக்கு உடம்பு ஆறுறது கஷ்டம், 180 தாண்டினா வேலை வாங்கவே கூடாது. 32 பாகை எண்டா 90 பரனைற், ஈரப்பதம் 75 எண்டா 165. கச்சான் காத்து அடிக்கிற மாசங்களில காலமை எட்டு மணிக்கு முதல் முடியுங்க. முள்ளந்தண்டு மேல்பக்கம் அடிபட்ட ஆளுக்கு காயத்துக்குக் கீழ வேர்க்காது, குதிரையைவிட அவருக்குத்தான் முதல் ஆபத்து. ஈரத்துணியும் தண்ணியும் பக்கத்தில வேணும், இருவது நிமிசத்தோட இறக்குங்க. இறங்கினாப் பிறகு இருந்த இடத்துத் தோல் சிவந்திருக்கா எண்டு பாருங்க.

எல்லாத்துக்கும் முதல் வைத்தியரின்ட சம்மதம். டவுண் சின்ட்ரோம் பிள்ளையள் எண்டா கழுத்தெலும்பு பரிசோதிக்காம ஏத்தவே வேண்டாம். அடங்காத வலிப்பு, ஆறாத படுக்கைப் புண், எலும்பு மெலிவு, விலகின இடுப்பு மூட்டு இருந்தாலும் இல்லைதான்.

'இந்த ஆக்கள் குதிரை ஓடி என்னத்தைக் காணப்போறாங்க' எண்டு ஒருத்தர் கொமெண்ட் போட்டிருந்தார். லிஸ் ஹார்ட்டெல் எண்டு டென்மார்க் பெண். 1944ல போலியோ வந்து முழங்காலுக்குக் கீழ இயக்கம் இல்ல. குதிரையில ஏறவும் இறங்கவும் ஆள் உதவி வேணும். 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில ஆண்களோட போட்டி போட்டு வெள்ளி, 1956ல திரும்பவும் வெள்ளி. 1996ல இருந்து பராலிம்பிக்கிலயும் குதிரை ஓட்டம் இருக்கு, அதில இயலாமை மிச்சம் கூடின ஆக்களின்ட முதலாம் பிரிவில குதிரை நடக்கிறது மட்டும்தான், பாய்ச்சல் இல்ல. எங்கட கிழக்கில கால் இழந்த, முள்ளந்தண்டு அடிபட்ட எத்தனை அண்ணாமார், அக்காமார் இருக்காங்க. அவங்களுக்குக் கைதட்டு வேண்டாம், 30 அடி சாய்தளம் குடுங்க.

ஆ, குதிரையைப் பழக்கிறது விட்டுப்போச்சு. வெறும் நாற்காலியைச் சுத்திச் சுத்தி உருட்டிக் காட்டுங்க, மணக்க விடுங்க, இருக்கையில வைச்சுத் தீனி குடுங்க. ஊன்றுகோலும் அப்பிடித்தான். கோட்டைப் பக்க மான்கள், ஓட்டோ சத்தம், கோயில் மணி எல்லாம் பழக வேணும். ரெண்டு மேடைக்கும் நடுவில மூண்டு நிமிசம் அசையாம நிக்கிற வரைக்கும் ஆளை ஏத்தாதீங்க.

குதிரை வைச்சிருக்கிற ஆக்கள், முதுகு உயரத்தையும் வயிற்று அகலத்தையும் அங்குலத்தில அளந்து கீழ போடுங்க. நாற்காலி பாவிக்கிற உறவுகள் இருக்கை உயரத்தைப் போடுங்க. அடுத்த வீடியோவில ஒவ்வொண்டுக்கும் மேடை உயரமும் கிரவல் கணக்கும் சொல்லுறன். வாறன், சந்திப்பம்.