வெட்டிய மரமும் மண்ணில் கிடக்கும் விதையும்

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

ஐக்கிய நாடுகள் அவை 2015ஆம் ஆண்டில் ஏற்ற 17 நீடித்த வளர்ச்சி இலக்குகளில் கூட்டாண்மை கடைசியாக வருகிறது. நீலகிரியில் வாழும் நமக்கோ, எந்த வேலையைத் தொட்டாலும் அதுதான் முதலில் எதிரே நிற்கிறது.

முதுமலைக் காட்டில் மஞ்சள் கொன்றை என்னும் அயல்நாட்டு மரம் பரவிய இடங்களில், மானும் காட்டெருமையும் மேய வேண்டிய புல் அதன் நிழலில் எழும்புவதில்லை. நிலம் வனத்துறையின் பொறுப்பில் இருக்கிறது. ஆனால் வெட்டிய மரத்தை எங்கே கொண்டுபோவது என்ற கேள்விக்கு அத்துறையால் தனியே விடை காண முடியவில்லை. புகழூரில் ஆலை நடத்தும் தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம் அந்த மரத்தைக் கூழுக்கு எடுத்துக்கொள்ள முன்வந்த பிறகே வழி பிறந்தது. அயல் தாவரங்களை அகற்றுவதற்கென்றே தமிழக அரசு 2022இல் ஒரு கொள்கையும் வகுத்தது.

அதுபோலவே காட்டில் படர்ந்த இன்னொரு அயல் தாவரமான உண்ணிச்செடியின் (லண்டானா) கதை இதைவிட நெஞ்சைத் தொடுவது. கூடலூர்ப் பக்கத்தில் பழங்குடிக் கைவினைஞர்கள் அதன் தண்டுகளைக் கொதிநீரில் வேகவைத்து, பட்டையை உரித்து, சூடு ஆறுவதற்குள் இரும்புச் சட்டத்தின் மேல் வளைத்து ஆளுயரத்துக்கும் மேலான யானைகளைச் செய்கிறார்கள். அந்த யானைகள் 2021இல் லண்டன் பூங்காக்களில் நின்றன. காட்டை நெரித்த செடி கூலியாகவும் பெயராகவும் திரும்பி வந்ததில் எனக்கு அளவற்ற மகிழ்ச்சி.

ஆயினும் ஒரு கவலை உண்டு. மஞ்சள் கொன்றையை அடியோடு அறுத்தாலும் கட்டையிலிருந்து துளிர் கிளம்பும். ஆங்கிலேயர் காலத்தில் விறகுக்காகக் கொண்டுவந்து நட்ட சீகை (வாட்டில்) மரமோ, வெட்டுண்ட பிறகும் பல பத்தாண்டுகள் முளைக்கும் திறனோடு தன் விதையை மண்ணுக்குள் விட்டுச் செல்கிறது. நம் ஒப்பந்தங்கள் இரண்டு, மூன்று ஆண்டுகளில் முடிந்துவிடுகின்றன. பணம் தருபவர் வெட்டிய ஏக்கரை எண்ணிப் படம் எடுத்துக்கொண்டு போன பிறகு, அடுத்த மழையில் தலைதூக்கும் நாற்றைக் குனிந்து பிடுங்குவது யார்?

அங்கேயே குடியிருக்கும் இருளரும் குறும்பரும் பணியரும் காட்டுநாயக்கரும்தாம். அவர்களை நாள்கூலிக்கு அழைப்பதோடு நாம் நின்றுவிடுகிறோம். 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டமோ, சமூகக் காட்டு வளத்தைக் காத்து நிர்வகிக்கும் உரிமையையே கிராம சபைக்கு அளித்திருக்கிறது. எனவே திட்டம் எழுதி முடித்தபின் அவர்களிடம் கையொப்பம் கேட்பது கூட்டாண்மை ஆகாது. எந்தச் சரிவில் தொடங்குவது, எந்த மரத்தை நிழலுக்காகச் சில காலம் விட்டுவைப்பது, அகற்றிய இடத்தில் எந்தச் சோலைக்காட்டு மர நாற்றை நடுவது என்பவற்றை முதல் கூட்டத்திலேயே அவர்களோடு அமர்ந்து முடிவு செய்ய வேண்டும்.

இங்கே வனத்துறையினரும் ஆலை நிர்வாகிகளும் தோட்ட உரிமையாளர்களும் தொண்டு நிறுவனத்தாரும் ஒருங்கே இருப்பதால் என் வேண்டுகோளை நேராகவே வைக்கிறேன். அடுத்து நீங்கள் எழுதும் ஒப்பந்தத்தில், மரம் வெட்டும் முதலாண்டுச் செலவுக்குப் பக்கத்திலேயே, நாற்று பிடுங்கும் பத்தாம் ஆண்டுக் கூலி எவ்வளவு, அதை யார் தருவார்கள் என்பதையும் எழுதிச் சேர்த்துவிடுங்கள்.