துப்பாக்கி தெரியாத போர்ப்படம்

(சேலத்தில் கல்லூரி மாணவர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)

வணக்கம். ஏற்காடு சாலையில், பழைய சினிமா ஸ்டுடியோவான மாடர்ன் தியேட்டர்ஸின் வளைவைப் பார்த்திருப்பீர்கள். போரோ பூதமோ, எதுவானாலும் செட் போட்டுக் காட்டிய ஊர் இது. அதனாலோ என்னவோ, ஒரு கொடுமையைப் படமாக்க வேண்டும் என்றதும் நமக்கு நடிகர்களைத் தேடத்தான் தோன்றுகிறது. வீடியோ கலையில், அதாவது கண்காட்சிக் கூடங்களில் கலைப்படைப்பாகக் காட்டப்படும் வீடியோக்களில், எனக்குப் பிடித்தவர்கள் அந்தப் பக்கமே போகாதவர்கள்.

மோனா ஹாட்டூம் 1952-இல் பெய்ரூட்டில் பிறந்தவர், பெற்றோர் பாலஸ்தீனர்கள். 1975-இல் அவர் லண்டன் போயிருந்த சமயம் லெபனானில் உள்நாட்டுப் போர் மூண்டது. ஊர் திரும்ப வழியில்லை. 1988-இல் ‘மெஷர்ஸ் ஆஃப் டிஸ்டன்ஸ்’ என்று கால் மணி நேர வீடியோ ஒன்று செய்தார். அம்மா குளிக்கும்போது மகள் எடுத்த புகைப்படங்கள். அவற்றின் மேல் திரைச்சீலை போலப் படர்ந்து நிற்கும், அம்மா அரபியில் எழுதிய கடித வரிகள். இருவரும் அரபியில் பேசிச் சிரிப்பது பின்னால் கேட்கிறது. அதற்கு மேலாக மகளின் குரல், கடிதங்களை ஆங்கிலத்தில் வாசிக்கிறது. இப்படிப் படம் எடுத்ததற்கு அப்பா கோபித்துக்கொண்ட கதையும் கடிதத்தில் வருகிறது. நம் வீட்டு அப்பாக்கள் மட்டும் சும்மா விடுவார்களா! கடைசிக் கடிதத்தில், தெருவில் இருந்த தபால் நிலையம் கார் குண்டில் தகர்ந்துபோன செய்தி. அவ்வளவுதான். துப்பாக்கி ஏந்திய ஒருவர்கூடத் திரைக்கு வருவதில்லை.

இந்திய ஆவணப்பட இயக்குநர் அமர் கன்வர் 2007-இல் 8 திரைகளில் செய்த ‘தி லைட்னிங் டெஸ்டிமனீஸ்’ என்ற படைப்பும் கொடுமையை நடித்துக் காட்டுவதில்லை. பிரிவினை தொடங்கி மணிப்பூர் வரை பெண்கள் மீது நடந்த பாலியல் வன்முறைதான் அதன் பொருள்.

சரி, நம் ஊருக்கு வருவோம். 1950 பிப்ரவரி 11. நாடு குடியரசாகி மூன்று வாரம்கூட ஆகவில்லை. சேலம் சிறையில் கம்யூனிஸ்ட் கைதிகளைச் சுட்டார்கள். 22 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் மலபார்க்காரர்கள். இன்று வட கேரளமாக இருக்கும் மலபார், அப்போது சென்னை மாநிலத்தில் ஒரு மாவட்டம். உங்களில் யாராவது இதை எடுக்க நினைத்தால், காக்கி உடையை வாடகைக்கு எடுக்காதீர்கள். மேற்கே போகிற ரயிலில் ஏறுங்கள். இறந்தவர்களின் பேரன் பேத்திகளைத் தேடிப் பிடித்து, தாத்தாவைப் பற்றி வீட்டில் என்ன பேசினார்கள், எந்த இடத்தில் பேச்சை மாற்றினார்கள் என்று கேளுங்கள். பதில் வராமல் அவர்கள் ஜன்னலைப் பார்த்தால் கேமராவை நிறுத்தவேண்டாம். வயலினும் வேண்டாம், தயவுசெய்து.

அப்புறம், பரணில் கிடக்கும் கல்யாண வீடியோ கேசட்டுகள். அவற்றை ஓட்டும் வி.சி.ஆர். கருவியின் தயாரிப்பு 2016-ஓடு நின்றுபோனது. பூஞ்சை பிடித்த நாடாவை அப்படியே ஓட்டினால் கருவியில் நாடாவைப் படிக்கும் ஹெட்டும் கெடும், நாடாவும் போகும். விவரம் தெரிந்தவரிடம் கொடுத்துச் சுத்தம் செய்த பிறகு பிரதி எடுங்கள். இரைச்சலை எடுத்துவிட்டு நல்ல பாட்டாகப் போட்டுத் தரட்டுமா என்று கடைக்காரர் கேட்பார். ஒப்புக்கொள்ளாதீர்கள். பந்தியில் யாரையோ அதட்டிக்கொண்டிருக்கும் உங்கள் பெரியப்பாவின் குரல் வேறெங்கும் பதிவாகியிருக்காது.