பாக்ஸை எந்தப் பக்கம் திருப்புவது

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

வடசென்னையில் குடியிருப்பவர்களுக்கு என் தொழில் இன்னதென்று விளக்கிச் சொல்லத் தேவையிருக்காது. தெருவை அடைத்து ஷாமியானா போட்டு, சீரியல் பல்பு கட்டி, தெருமுனையில் ஆள் உயரத்துக்குக் கறுப்பு ஸ்பீக்கர் பாக்ஸ்கள் நிற்கும் மாலையில், ஒரு மேசைக்குப் பின்னால் ஒற்றைக் காதில் ஹெட்போனை அழுத்திக்கொண்டு ஒருவர் நிற்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். இராயபுரத்திலும் கொருக்குப்பேட்டையிலும் வியாசர்பாடியிலும் திருவொற்றியூரிலும் அப்படி நின்றவர்களில் நானும் ஒருவன். 1987ஆம் ஆண்டு பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு மைக் செட் கடையில் ஒயர் சுற்றும் பையனாகச் சேர்ந்தேன். அன்று இசைத்தட்டும் கேசட்டும் வைத்துப் பாட்டுப் போட்டவர்கள் பிறகு சிடிக்கு மாறினோம், இப்போது லேப்டாப்பில் நிற்கிறோம். அடுத்த பாட்டின் தொடக்கம் சரியாக வந்து நிற்பதற்காகக் கேசட்டின் பல்சக்கரத்தில் பென்சிலைச் செருகிச் சுற்றிய விரல்கள் இவை. ஆயினும் கருவிகளைப் பற்றி இன்று நான் அதிகம் பேசப்போவதில்லை. இத்தனை ஆண்டுகளாக என் மனத்தைவிட்டு அகலாத விஷயம் ஒன்று இருக்கிறது. நாம் போடும் பாட்டு யார் யார் காதில் எப்படிப் போய் விழுகிறது என்பதுதான் அது. டிஜே என்றால் சத்தமாகப் பாட்டுப் போடுபவர் என்றே பலரும் எண்ணுகிறார்கள். அவருடைய வேலையில் பெரும்பகுதி கேட்பதுதான் என்பது என் உறுதியான கருத்து.

இதற்கு ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன். எனக்கு இந்தத் தொழிலைக் கற்றுத்தந்த ஆசிரியர்களின் வரிசையில், பெயரைக்கூட நான் கேட்டு வைத்துக்கொள்ளாத ஒரு பள்ளி மாணவியும் இருக்கிறாள்.

மாசி மாதம், தண்டையார்பேட்டையில் ஒரு சந்தில் கல்யாண வரவேற்பு. சந்தின் அகலம் 15 அடிக்கு மேல் இருக்காது. இரு பக்கமும் இரண்டு மாடி, மூன்று மாடி வீடுகள் நெருக்கியடித்து நிற்கும். சாமான்களை மீன்பாடி வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து, வழியில் கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் நெடுநேரம் நின்றதால், சந்துக்குள் நுழையும்போதே பொழுது சாய்ந்துவிட்டிருந்தது. அவசரத்தில், தாழ்ந்த ஒலியைத் தரும் பேஸ் பாக்ஸ்கள் இரண்டையும் சுவரும் தண்ணீர்த் தொட்டியும் சேரும் மூலையில் வைத்து, அவற்றின் மேல், உயர்ந்த ஒலியைத் தரும் டாப் பாக்ஸ்களை ஏற்றி, ஒயரைக் கொடுத்துப் பாட்டைத் தொடங்கிவிட்டேன். சத்தம் பிரமாதமாக இருப்பதாகத்தான் எனக்குத் தோன்றியது. ஆனால் ஆட வந்த இளைஞர்கள் ஏனோ பாக்ஸுக்குப் பக்கத்திலும் வராமல், தள்ளி நின்றும் ஆடாமல், ஒதுங்கி ஒதுங்கி நின்றுகொண்டிருந்தார்கள். அந்த நேரத்தில் எதிர்வீட்டு மாடியிலிருந்து அந்தப் பெண் இறங்கி வந்தாள். கையில் பேனாவைப் பிடித்தபடியே வந்திருந்தாள்.

“அண்ணா, பாட்ட நிறுத்தச் சொல்லல. நாளைக்கு எனக்குப் பிளஸ் டூ கணக்குப் பரீட்சை. அந்த பாக்ஸ் நேரா எங்க ஜன்னலப் பாத்து நிக்குது. கொஞ்சம் திருப்பி வெச்சீங்கன்னா நான் படிச்சுக்குவேன்” என்றாள்.

சத்தத்தைக் குறைக்கச் சொன்னவர்களையும், நிறுத்தச் சொல்லிச் சண்டைக்கு வந்தவர்களையும் அதற்கு முன் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். பாக்ஸைத் திருப்பச் சொன்னவரை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். மேசையில் உதவியாளரை நிறுத்திவிட்டு அவளுடனேயே மாடிக்குப் போனேன். அவளுடைய அம்மா, “வாப்பா, நீயே வந்து கேளு” என்று உள்ளே கூப்பிட்டார். அலமாரியில் அடுக்கியிருந்த எவர்சில்வர் டம்ளர்கள் ஒவ்வொரு அடிக்கும் கிணுகிணுவென்று அதிர்ந்தன. ஜன்னல் கண்ணாடி தனியாக ஒரு சுருதியில் முனகிக்கொண்டிருந்தது. பாட்டின் ஒரு சொல்லும் புரியவில்லை, அதன் இடி மட்டும் நெஞ்சில் வந்து விழுந்தது. ஆடுபவர்களுக்காக நான் போட்ட பாட்டு ஆடும் இடத்தைவிட அந்த அறையில் அதிகமாக அதிர்கிறது என்பதை அங்கே நின்ற ஒரு நிமிடத்தில் உணர்ந்தேன்.

இறங்கி வந்து, டாப் பாக்ஸ்களின் பின்பக்கத்துக்கு அடியில் செங்கல்லைக் கொடுத்து அவற்றின் முகத்தைத் தரையை நோக்கித் தாழ்த்தினேன். நான்கு பையன்களைக் கூட்டிப் பேஸ் பாக்ஸ்களை மூலையிலிருந்து வெளியே இழுத்து, ஆடும் இடத்துக்கு அருகே நடுவில் வைத்தேன். பேஸ் குமிழைக் கணிசமாகக் குறைத்தேன். மறுபடியும் மாடி ஏறினேன். டம்ளர்கள் அசையவில்லை. கீழே பார்த்தால் ஆட்டம் களைகட்டியிருந்தது. மாப்பிள்ளையின் தாய்மாமன் என்னிடம் வந்து, “புது பாக்ஸ் எறக்கியிருக்கியா தம்பி?” என்று கேட்டார். இல்லை, அதே பாக்ஸ்தான், சத்தத்தையும் குறைத்துத்தான் வைத்திருக்கிறேன் என்று நான் சொன்னதை அவர் நம்பவில்லை.

அன்றிலிருந்து இன்றுவரை, எந்தத் தெருவுக்குப் போனாலும், முதல் பாட்டுக்கு முன்பாக அந்தத் தெருவில் ஒரு வீட்டுக் கதவைத் தட்டி, மாடிக்குப் போய்க் கேட்டுவிட்டுத்தான் வேலையைத் தொடங்குகிறேன். கீழே நின்று கேட்பது போதாது. மேலே போய்க் கேட்க வேண்டும்.

ஏன் அப்படி ஆயிற்று என்பதைப் பின்னாளில் படித்தும் விசாரித்தும் தெரிந்துகொண்டேன். கீச்சென்ற உயர்ந்த ஒலி டார்ச் விளக்கின் வெளிச்சத்தைப் போன்றது; பாக்ஸ் எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கமே பெரும்பாலும் போகும், ஆகவே திருப்பிவிட்டால் விலகிவிடும். தாழ்ந்த ஒலி, அதாவது பேஸ், அப்படியன்று. அது ஊதுவத்திப் புகையைப் போல எல்லாப் பக்கமும் பரவும். 50 ஹெர்ட்ஸ் ஒலியின் ஓர் அலையே ஏறத்தாழ 22 அடி நீளம் உடையது. 15 அடிச் சந்தில் 22 அடி அலையை விட்டால் அது எங்கே போகும்? சுவரில் மோதித் திரும்பும், ஜன்னலை உலுக்கும், அடுத்த தெருவுக்கும் போய்ச் சேரும். சுவர் மூலையில் பேஸ் பாக்ஸை வைத்தால், சுவரும் தரையும் சேர்ந்து அந்தத் தாழ்ந்த ஒலியை இன்னும் பெருக்கிக் கொடுக்கும். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கல்யாண வீட்டார் எங்களிடம் முதலில் கேட்பது “எத்தனை வாட்?” என்பதைத்தான். 100 வாட்டை 200 வாட் ஆக்கினால் கூடுவது 3 டெசிபல் மட்டுமே. காதுக்கு அது சிறிய வேற்றுமை. இரு மடங்கு சத்தம் என்று காது உணர வேண்டுமானால் ஏறத்தாழ 10 மடங்கு வாட் தேவைப்படும். அந்தச் செலவையெல்லாம் செய்வதைவிட, இருக்கும் பாக்ஸைச் சரியான பக்கம் திருப்பி வைப்பது மேல். இதை நான் பார்ட்டிகளிடம் ஆயிரம் முறை சொல்லியிருப்பேன். இன்று வானொலியிலும் சொல்லிவிட்டேன்.

ஆட்டத்தைப் பற்றி வருகிறேன். நம் குத்துப் பாட்டுகள் பெரும்பாலும் திஸ்ர நடையில், தகிட தகிட என்று மூன்று மூன்றாக ஓடுபவை. டிஸ்கோ என்றும் கிளப் இசை என்றும் சொல்லப்படுபவை தகதிமி தகதிமி என்று நான்கு நான்காக நிற்பவை. இன்றைய மென்பொருள் இரண்டு பாட்டுகளின் வேகத்தைத் தானாகவே ஒன்றாக்கிவிடும்; நிமிடத்துக்கு 120 அடி என்றால் இரண்டையும் 120 ஆக்கிவிடும். ஆனால் வேகம் ஒன்றானாலும் நடை வேறாகவே இருக்கும். மூன்றில் ஆடிக்கொண்டிருக்கும் உடம்பின்மேல் திடீரென்று நான்கைப் போட்டால், முன்வரிசையில் ஆடும் பையனின் கால் ஒரு கணம் தடுக்கும்; அந்த ஒரு கணத்தில் பத்துப் பேர் போய் நாற்காலியில் உட்கார்ந்துவிடுவார்கள். ஆகவே இரண்டுக்கும் நடுவே தாளமே இல்லாத ஒரு குரலையோ, நாதஸ்வர இழுப்பையோ சில நொடிகள் விட்டு, பழைய நடை உடம்பிலிருந்து இறங்கிய பிறகு புதிய நடையைத் தொடங்குவேன். சில சமயம் இசையை முழுவதும் தாழ்த்திவிட்டு, கூட்டத்தைக் கைதட்ட விடுவேன். வடசென்னை மக்களின் கைத்தட்டலில் தாளம் பிசகி நான் கேட்டதில்லை. கானாவும் சாவு மேளமும் கேட்டு வளர்ந்த கைகள் அவை.

யார் முதலில் ஆட வருவார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். குழந்தைகள் வருவார்கள், அடுத்து மாப்பிள்ளையின் நண்பர்கள் வருவார்கள். அத்தைமார்களும் சித்திமார்களும் பாட்டிகளும் கடைசிவரை நாற்காலியில் இருந்தபடியே காலைத் தட்டிக்கொண்டிருப்பார்கள். அவர்களுக்கு ஆசை இல்லை என்று பலரும் தவறாக நினைக்கிறார்கள். பெண்கள் ஆடும் இடத்துக்குப் பின்னால் ஆண்கள் கும்பலாக நின்று பார்த்தால் அவர்கள் எழுந்து வரமாட்டார்கள். பின்னால் ஒரு சுவரோ மேடையோ இருந்தால் வருவார்கள். சுழலும் விளக்கைத் தூக்கிப் பந்தல் கூரையைப் பார்க்க வைத்து, வெளிச்சம் முகத்தில் அடிக்காமல் செய்தால் இன்னும் நான்கு பேர் வருவார்கள். காசிமேட்டில் ஒரு மஞ்சள் நீராட்டு விழாவில், மேசையையும் விளக்கையும் இடம் மாற்றிய கால் மணி நேரத்தில், மீன் விற்கும் ஆயாக்கள் ஏழெட்டுப் பேர் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு இறங்கி ஆடிய ஆட்டத்தை நான் இன்றும் மறக்கவில்லை. அந்த ஆட்டத்தை அங்கே கொண்டுவந்தது பாட்டு மட்டுமன்று. அவர்களுக்குக் கிடைத்த இடமும் சேர்ந்துதான்.

பந்தி நேரத்துக்கு எனக்கு ஓர் அளவு உண்டு. பிரியாணிக்குத் தயிர்ப்பச்சடி கேட்பவரின் குரல், பரிமாறும் பையனுக்கு இரண்டாம் முறை சொல்லாமலே கேட்க வேண்டும். அதற்கு மேல் ஒரு புள்ளியும் ஏற்றக் கூடாது.

இரவு 10 மணியைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபல் என்று வரம்பு வகுத்திருக்கிறார்கள். மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றிக் குறைந்தது 100 மீட்டர் அமைதி மண்டலமாகும். ஸ்டான்லி மருத்துவமனையைச் சுற்றிய தெருக்களில் வேலை செய்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். இந்த விதி எங்கள் பிழைப்பைக் கெடுப்பதாகச் சில நண்பர்கள் வருந்துகிறார்கள். நான் அதை ஏற்கவில்லை. 10 மணிக்குச் சட்டென்று நிறுத்தினால்தான் சண்டை வரும். நான் 9.30க்கே பேஸைத் தாழ்த்தத் தொடங்கிவிடுவேன். ஒரு நேரத்தில் ஒரு புள்ளி, கால் மணி நேரத்துக்கு மேல் இழுத்து. ஒருவரும் கவனிக்கமாட்டார்கள். பிறகு வேகம் குறைந்த பழைய மெல்லிசைக்கு வந்துவிடுவேன். பெரியவர்கள் தலையசைப்பார்கள், இளைஞர்களுக்கு மூச்சு வாங்கும், குழந்தைகள் மடியில் தூங்கிவிடும். 10 மணிக்கு ஆம்ப்ளிஃபயரை அணைக்கும்போது தெரு ஏற்கெனவே பாதி அடங்கியிருக்கும்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மூன்று விரலைக் காட்டுகிறார்கள்; மூன்று நிமிடங்களே இருக்கின்றன. ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லாத மாதங்களை எப்படிக் கடத்துகிறோம் என்பதையும், ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் காசிமேட்டுப் பார்ட்டிகளின் பாக்கியைப் படகு கடலுக்குப் போகும் வரை நாங்கள் கேட்பதில்லை என்பதையும், கடற்காற்றின் உப்பு ஜாக் பின்களை அரித்துக் கரகரப்பை உண்டாக்குவதையும் விரிவாகச் சொல்ல எண்ணியிருந்தேன். அவற்றை விட்டுவிடுகிறேன். ஒன்றை மட்டும் விட முடியாது.

பாக்ஸ் தூக்கும் பையன்களின் காது. 85 டெசிபல் ஒலியில் நாளொன்றுக்கு 8 மணி நேரம் வரை வேலை செய்யலாம், அதற்கு மேல் கூடும் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரத்தைப் பாதியாகக் குறைக்க வேண்டும் என்று பணியிட நல வல்லுநர்கள் கணக்கு வகுத்திருக்கிறார்கள். அதன்படி 100 டெசிபலில் 15 நிமிடம்தான் நிற்கலாம். எங்கள் பையன்கள் பாக்ஸின் பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு மூன்று மணி நேரம் உட்கார்ந்திருப்பார்கள். என்னிடம் வேலைக்கு வருபவர்களுக்கு நுரைக் காதடைப்பான் கொடுக்கிறேன். மணிக்கு ஒரு முறை பந்தலுக்கு வெளியே அனுப்புகிறேன். நிகழ்ச்சி முடிந்த இரவில் காதுக்குள் ‘ஙொய்’ என்ற இரைச்சல் கேட்டால், மறுநாள் அவர்களுக்கு வேலை கொடுப்பதில்லை, கூலியை மட்டும் கொடுத்துவிடுகிறேன். இந்தத் தொழிலில் இருக்கும் முதலாளிகள் யாராவது இப்போது கேட்டுக்கொண்டிருந்தால், அந்த ஸ்டூலை எடுத்துப் பாக்ஸுக்குப் பின்பக்கம், பத்தடி தள்ளிப் போடச் சொல்லுங்கள். இன்று மாலை நிகழ்ச்சியிலிருந்தே அதைச் செய்யலாம்.

விளக்கு சிவப்பாகிவிட்டது. வாய்ப்பளித்த நிலையத்தாருக்கு நன்றி. வணக்கம்.